19ஆம் நூற்றாண்டு மாளிகைகளின் உட்கூரை வேலை: மேலே ஏறிச் செய்ததா, கீழே வார்த்து ஏற்றியதா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தின் வைட் தீவில் இருக்கும் ஆஸ்போர்ன் ஹவுஸுக்கு அண்மையில் போயிருந்தோம். விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு வந்து தங்கிய மாளிகை, 1901ல் அவர் இறந்ததும் அங்கேதான். அதில் தர்பார் அறை என்று ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைகிற எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடியே நிற்கிறார்கள். ஆழமான கட்டங்களாகப் பிரித்த உட்கூரை, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கொடியும் பூவும், சுவரெல்லாம் அதே நுணுக்கம், கணப்புக்கு மேலே தோகை விரித்த மயில். பார்த்தால் தந்தத்தில் கடைந்தது மாதிரி இருக்கிறது, ஆனால் சுதையும் காகிதக் கூழும்தான் என்று அங்கே இருந்தவர் சொன்னார்.

அதிலிருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. ஐரோப்பாவின் 19ஆம் நூற்றாண்டு மாளிகைகள், நாடக அரங்குகள், கிளப்புகள் எதற்குள் போனாலும் உட்கூரைதான் முதலில் கண்ணில் படுகிறது. இவ்வளவையும் சாரத்தில் மல்லாந்து படுத்துச் செய்தார்களா, இல்லை பட்டறையில் அச்சில் வார்த்து மேலே கொண்டுபோய் ஒட்டினார்களா? அச்சு என்றால் அதைக் கைவினை என்று சொல்வது சரிதானா? இன்னொன்று, இத்தனை எடை 100, 150 வருடமாக எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.


மட்டக்கோல் எழுதியது:

லண்டனில் பழைய கட்டடங்களின் சுதை வேலையைப் பழுதுபார்க்கிற குழுவில் இருக்கிறேன். அதனால் இது எனக்கு அன்றாட விஷயம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

இரண்டு வகையும் உண்டு, பல இடங்களில் ஒரே கூரையில் இரண்டும் கலந்திருக்கும். முதலில் தட்டையான பரப்பை எடுத்துக்கொள்வோம். மேல் மாடியின் தரையைத் தாங்கும் உத்தரங்களுக்கு அடியில் மெல்லிய மரப்பட்டிகளை, நடுவே சின்ன இடைவெளி விட்டு, வரிசையாக ஆணி அடித்துக்கொண்டே போவார்கள். பழைய வேலையில் இந்தப் பட்டிகளை அறுக்க மாட்டார்கள், மரத்தின் நார் ஓடும் வாக்கிலேயே பிளப்பார்கள். நார் அறுபடாததால் அவை வளைந்து கொடுக்கும், ஒடியாது. இதன்மேல் சுண்ணாம்பு, மணல், கூடவே மாட்டு முடி அல்லது ஆட்டு முடி கலந்த சாந்தை அழுத்திப் பூசுவார்கள். (நம்மூர்க் காரைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்ப்பார்களே, அங்கே அந்தப் பழக்கம் இல்லை, சாந்து பிளக்காமல் பிடித்து வைப்பது முடிதான்.) அழுத்தும்போது சாந்து இடைவெளி வழியாக மேலே பிதுங்கி, பட்டியின் முதுகில் மடிந்து இறுகிவிடும். கீழே இருந்து பார்க்கிற உங்களுக்கு அது ஒருபோதும் தெரியாது, ஆனால் முழுக் கூரையும் தொங்குவது அந்தக் கொக்கிகளில்தான். முதல் பூச்சு இறுகின பிறகு இரண்டாவது, அப்புறம் மெல்லிய மூன்றாவது. பெரிய அறை என்றால் காய்வதற்கே வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓடுகிற கார்னிஸ் வளைவுகள் அச்சு வேலை இல்லை. அவற்றை அந்த இடத்திலேயே இழுத்துச் செய்வார்கள். துத்தநாகத் தகட்டை வேண்டிய குறுக்குவெட்டு வடிவத்துக்கு வெட்டி, ஒரு மரக்கட்டையில் பொருத்தி, சுவரில் அடித்த சட்டத்தின் மேல் அந்தக் கட்டையை ஓட்டுவார்கள். ஒருவர் சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்த சாந்தை முன்னால் அப்பிக்கொண்டே போவார், இன்னொருவர் தகட்டை இழுத்துக்கொண்டே வருவார். ஜிப்சம் கலந்ததும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும், அது இறுகுவதற்குள் திரும்பத் திரும்ப இழுத்து விளிம்பைக் கூராக்க வேண்டும். அவசரப்பட்டால் வடிவம் கிழியும், தாமதித்தால் சாந்து வீங்கித் தகடு நகராது. அறையின் மூலைக்குத் தகடு எட்டாது. அங்கே மட்டும் ஒரு எஃகுப் பட்டையை வைத்துக் கையாலேயே இரண்டு பக்கக் கோடுகளையும் வளர்த்துச் சேர்ப்பார்கள். நீங்கள் எந்தப் பழைய மாளிகைக்குப் போனாலும் முதலில் அந்த மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் மறு பக்கக் கோட்டோடு பிசிறில்லாமல் சேர்ந்திருந்தால் அங்கே நல்ல கை வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நடுவில் இருக்கும் பெரிய பூவைவிட அந்த மூலைகள்தான் முக்கியம்.

இலை, பூ, முட்டை வடிவங்களின் வரிசை, சிங்க முகம் எல்லாம் அச்சு வார்ப்பு. முதலில் ஒரு கலைஞர் களிமண்ணில் மாதிரி செய்வார். அதிலிருந்து அச்சு எடுப்பது பழைய காலத்தில் பெரிய தலைவலி. மரத்திலோ சுதையிலோ செய்த அச்சு வளையாது, இலையின் நுனி உள்பக்கம் சுருண்டிருந்தால் வார்ப்பு வெளியே வராது, அதனால் அச்சையே பல துண்டாகச் செய்ய வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெலட்டின் அச்சு வந்தபோது இது மாறியது. காய்ச்சிய ஜெலட்டினை மாதிரியின் மேல் ஊற்றி, ஆறியதும் உரித்தால் ரப்பர் போல வளையும் அச்சு கிடைக்கும். படிகாரக் கரைசல் பூசி அதன் மேற்பரப்பைக் கெட்டியாக்குவார்கள். ஆனாலும் ஜிப்சம் இறுகும்போது சூடு வரும், சில வார்ப்புகளுக்குப் பிறகு ஜெலட்டின் இளகி நுணுக்கம் மழுங்கும், உருக்கி மறுபடியும் ஊற்ற வேண்டியதுதான். விக்டோரியா காலத்துக் கூரைகளில் இலைகள் அவ்வளவு ஆழமாகச் சுருண்டு நிற்பதற்கு இந்த அச்சு ஒரு முக்கியக் காரணம்.

அடுத்த திருப்பம் 1856. டெசாஷி என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு காப்புரிமை வாங்கினார். அச்சுக்குள் முதலில் சுத்தமான பிளாஸ்டர் (சுட்ட ஜிப்சம் மாவைக் குழைத்தது) ஒரு மெல்லிய பூச்சு, அதன் பின்னால் பிளாஸ்டரில் நனைத்த சணல் துணி, ஓரங்களுக்கும் முதுகுக்கும் மரப்பட்டிகள். இப்படிச் செய்த பலகை பல அடி நீளம் இருந்தாலும் லேசாக இருக்கும், சில இடங்களில் ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது. பட்டறையிலேயே காய்ந்துவிடும், கட்டடத்துக்குக் கொண்டுபோய் மேலே ஏற்றி, மரச்சட்டத்தில் திருகியோ இரும்பில் கம்பியால் கட்டியோ, பின்பக்கம் பிளாஸ்டரில் தோய்த்த சணல் துணிக் கட்டுகளைச் சுற்றியோ நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. நாடக அரங்குகள் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை, குவிமாடமும் வளைந்த பால்கனி முகப்பும் வேகமாக எழும்பின. பிளாக்பூல் டவரில் ஃபிராங்க் மேச்சம் வடிவமைத்து 1899ல் திறந்த நடன மண்டபத்தைப் பார்த்தால் இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பது புரியும்.

நம்மூரில் பிஓபி சீலிங் வேலையில் நாரும் சணலும் வைத்து வார்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அடிப்படை அதேதான்.


தாள்கூழ் எழுதியது:

மட்டக்கோல் சுதையைப் பற்றி அருமையாக எழுதிவிட்டார், நான் காகிதத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் "காகிதக் கூழ்" என்றதும் பலருக்கு அது ஏதோ மலிவான மாற்று என்று தோன்றிவிடுகிறது.

பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்ட வாசிப்பறையைப் பார்த்திருக்கிறீர்களா? சிட்னி ஸ்மர்க் வடிவமைத்து 1857ல் திறந்தது, மார்க்ஸ் பல ஆண்டுகள் உட்கார்ந்து படித்த அறை. குவிமாடத்தின் விட்டம் 42.6 மீட்டர். எலும்புக்கூடு வார்ப்பிரும்பு, ஆனால் உள்ளே நாம் பார்க்கிற பரப்பு காகிதக் கூழ்ப் பலகை. நீலம், இளமஞ்சள், தங்கம் என்ற பழைய வண்ணத் திட்டத்தை 2000ஆம் ஆண்டு வாக்கில் மீட்டெடுத்தார்கள். இரும்பு விலாவுக்கு அடியில் லேசான, சாந்து போல ஈரம் சுமக்காத ஒரு பொருள் வேண்டும், அதற்கு இது நன்றாகவே பொருந்தியது. உலகப் புகழ்பெற்ற ஒரு நூலகத்தின் வானமே காகிதம்தான் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் பெரிய மகிழ்ச்சி.

கார்ட்டன் பியர் என்று இன்னொன்றும் உண்டு. காகிதக் கூழ், பசை, சுண்ணத்தூள் மூன்றையும் பிசைந்து அச்சில் அழுத்துவது, பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த முறை. லண்டனில் இதற்குப் பெயர் போன நிறுவனம் ஜார்ஜ் ஜாக்சன், தொடக்கம் 1780. அவர்களுடைய பழைய அச்சுகள் பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தில் தலைகீழாகக் குடைந்தவை, அதாவது மேடாக வரவேண்டியதைப் பள்ளமாக நினைத்துச் செதுக்க வேண்டும். அச்சு என்றால் கைவினை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அச்சைக் குடைந்தவரின் உளியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மாளிகையில் இருந்தது நடுத்தர வீட்டுக்கும் இறங்கியது. லினோலியம் என்ற தரைவிரிப்பைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் வால்டன் 1877ல் லிங்க்ரஸ்டா என்ற புடைப்புச் சுவர்த்தாளைக் கொண்டுவந்தார், 1887ல் அதைவிட லேசான அனக்லிப்டா வந்தது. இதைச் சுருளாக வாங்கிக் கூரையில் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் சுதை வேலை போலவே தெரியும்.


செயின்கரை எழுதியது:

நான் இருப்பது பாரிஸ். கைவினையா இல்லையா என்ற கேள்விக்கு மேலே இருக்கும் இருவரையும்விடக் கொஞ்சம் கறாரான பதில் சொல்வேன். அந்தக் காலத்திலேயே இந்தச் சண்டை நடந்தது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் போன்றவர்கள் அச்சில் வார்த்த அலங்காரத்தை ஏமாற்று வேலை என்றே கண்டித்தார்கள், ஒரு பொருள் இன்னொன்றாக நடிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். நூறு அறைகளில் ஒரே பூவைப் பார்க்கும்போது எனக்கும் அந்த வாதம் நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் கீழே செய்து மேலே ஏற்றினாலே தரம் குறைந்தது என்று சொல்ல முடியாது. சார்ல் கார்னியே கட்டி 1875 ஜனவரியில் திறந்த பாரிஸ் ஓப்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய ஃபோயே, அதாவது இடைவேளையில் ரசிகர்கள் உலாவும் கூடம், 54 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம். கூரை ஓவியங்களை போல் போத்ரி சுமார் 10 ஆண்டு உழைத்து வரைந்தார், எல்லாம் கித்தான் துணியில் வரைந்து பிறகு மேலே ஒட்டியவை. சாரத்தில் மல்லாந்து படுத்து வரைந்ததல்ல என்பதற்காக அதை யாராவது குறைத்துப் பேசுவார்களா? பக்கத்து முன்கூடத்தின் கூரை முழுக்க வெனிஸ் பாணி மொசைக், தங்கப் பின்னணியில். அரங்கத்தின் கூரையை லெனெப்வூ என்ற ஓவியர் வரைந்தார். 1964ல் ஓவியர் ஷகால் வரைந்த புதிய கூரையை அதற்கு அடியில், கழற்றி எடுக்கக் கூடிய சட்டத்தில் பொருத்தினார்கள், பழையது மேலே அப்படியே இருக்கிறது. இரண்டில் எது அந்த அரங்கத்துக்குப் பொருத்தம் என்று இங்கே இன்னும் வாக்குவாதம் நடக்கும். நான் பழையதன் பக்கம். சுற்றிலும் கார்னியேவின் தங்கமும் சிவப்பும் இருக்க, நடுவில் ஷகாலின் நிறங்கள் வேறு ஊரிலிருந்து வந்தவை போல நிற்கின்றன.

ஒரு சேதி: அந்தக் காலக் கூரைகளைக் கெடுத்ததில் பெரிய பங்கு எரிவாயு விளக்குக்கு. சரவிளக்கின் சூடும் கரியும் நேரே மேலேதான் போகும். போத்ரியின் ஓவியங்களும் அப்படித்தான் கறுத்தன. வீடுகளில் நடுக் கூரையில் இருக்கும் பெரிய வட்டப் பூவுக்கும் இதில் பங்கு உண்டு, சிலவற்றின் இதழ்களுக்கு நடுவே துளை விட்டு, மேலே குழாய் வைத்து, விளக்கின் புகையை வெளியே இழுப்பார்கள்.


உளிச்சத்தம் எழுதியது:

எல்லோரும் லண்டன், பாரிஸ் என்று போய்விட்டீர்கள், கேள்வி கேட்டவர் பார்த்த அந்தத் தர்பார் அறையைச் செய்தவரின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவர் பாய் ராம் சிங். பஞ்சாபைச் சேர்ந்த தச்சர் குடும்பம், லாகூரின் மேயோ கலைப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த லாக்வுட் கிப்ளிங் (எழுத்தாளர் கிப்ளிங்கின் அப்பா) அவரை வளர்த்தெடுத்தார். முதலில் மகாராணியின் மகன் கன்னாட் கோமகனுக்காக பாக்‌ஷாட் பார்க் மாளிகையில் ஒரு பில்லியர்ட்ஸ் அறை, அதை இந்தியாவிலேயே மரத்தில் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் ஆஸ்போர்ன் வேலை வந்தது.

இம்முறை மரம் இல்லை. 1891 தொடக்கத்தில் ராம் சிங் இங்கிலாந்துக்கே வந்துவிட்டார். அவர் வரைந்து, மாதிரிகளைத் தன் கையால் செய்து கொடுக்க, அவற்றிலிருந்து அச்சு எடுத்து சுதையிலும் கார்ட்டன் பியரிலும் வார்த்துப் பொருத்தியது மேலே தாள்கூழ் சொன்ன அதே ஜாக்சன் நிறுவனம். அதாவது லாகூர்த் தச்சரின் உளி போட்ட வடிவம், லண்டன் பட்டறையின் வார்ப்பு. முகலாய, இந்து, சீக்கிய வடிவங்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன, இந்தியாவில் எந்த அரண்மனையிலும் அவை அப்படி ஒன்றாக இருக்காது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரத்தில் சிந்திக்கப் பழகிய ஒருவர், இறுகிப்போகும் கூழுக்காகத் தன் கோடுகளை மாற்றி அமைத்திருக்கிறார், அந்தக் கட்டங்களின் ஆழமும் நிழலும் தச்சுவேலை தெரிந்தவர் கணக்குப் போட்டது.

மகாராணி ருடால்ஃப் ஸ்வொபோடா என்ற ஓவியரிடம் ராம் சிங்கின் உருவத்தை வரையச் சொன்னார். பிறகு அமிர்தசரஸ் கால்சா கல்லூரியின் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே, கடைசியில் தான் படித்த மேயோ பள்ளிக்கே முதல்வரானார். சுற்றுலாப் பயணிகளில் பாதிப் பேர் இந்தப் பெயரைக் கேட்காமலேயே அந்த அறையை விட்டு வெளியே வருகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செயின்கரை சொன்னதற்கு ஒரு வார்த்தை: ஒரே பூ நூறு அறைகளில் வருவது வேறு, ஓர் அறைக்காகவே மாதிரி செய்து வார்ப்பது வேறு. ரஸ்கினின் வாதம் இரண்டாவதற்குப் பொருந்தாது.


வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மிக்க நன்றி. ராம் சிங்கின் பெயரைச் சொன்னதற்குத் தனி நன்றி, பிள்ளைகளிடம் படித்துக் காட்டினேன்.

மட்டக்கோல் அண்ணா, ஒரு சந்தேகம். நாங்கள் வாடகைக்கு இருப்பது கிழக்கு லண்டனில் விக்டோரியா காலத்து வீடு. முன்னறைக் கூரையில் வட்டப் பூவும் கார்னிஸும் இருக்கின்றன, பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து இலைகளே தெரியவில்லை. பூவைச் சுற்றி விரிசல் வேறு. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் பலகை அடிக்கலாம் என்கிறார். பயப்பட வேண்டுமா?


மட்டக்கோல் எழுதியது:

விரிசலைப் பார்த்ததும் இடிக்கக் கூடாது. முடி போன்ற மெல்லிய விரிசல் எல்லாச் சுண்ணாம்புக் கூரையிலும் வரும், ஆபத்தில்லை. கவலைப்பட வேண்டியது தொய்வு. விளக்கைக் கூரையை ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள், எங்கேயாவது வயிறு தள்ளியிருந்தால் நிழலில் தெரியும். உள்ளங்கையால் மெதுவாக அழுத்தும்போது கூரை மேலே போய்த் திரும்பி வந்தால் நான் முன்னால் சொன்ன அந்தக் கொக்கிகள் உடைந்திருக்கின்றன. அப்படி இருந்தால் அதன் கீழே யாரும் உட்கார வேண்டாம், ஆள் கூப்பிடுங்கள். அப்போதும் இடிப்பது மட்டுமே வழி இல்லை. மேல் மாடிப் பலகையைக் கழற்றி, மேலே இருந்து குப்பையை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிய பிளாஸ்டரும் வலையும் வைத்துப் பழைய சாந்தை உத்தரத்தோடு கட்டலாம், கீழே இருந்து அகன்ற வாஷர் போட்டுத் திருகியும் நிறுத்தலாம். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் அனுமதி இல்லாமல் இடிப்பதே சட்டப்படி குற்றம், அதை வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லுங்கள்.

சணல் துணி வைத்த அரங்கக் கூரைகளின் கதை வேறு. 2013 டிசம்பர் 19 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கூரையின் ஒரு பகுதி விழுந்து பலர் காயமடைந்தார்கள், நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. 1901ல் கட்டிய அரங்கம், பலகைகளைப் பிடித்திருந்த சணல் கட்டுகள் காலப்போக்கில் நைந்துபோயிருந்தன. கீழே இருந்து பார்த்தால் கூரை அழகாகவே இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் எல்லா அரங்குகளிலும் கூரைக்கு மேலே ஏறி, முதுகுப் பக்கத்தைப் பார்ப்பது கட்டாயம் போல ஆனது, எங்களுக்கும் வேலையில் பாதி இப்போது அந்த இருட்டுக்குள்தான். மரம் என்றாலும் தப்பாது. 1847ல் திறந்த, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை மண்டபத்தின் மரக் கூரையிலிருந்து 1980ல் ஒரு செதுக்குத் துண்டு விழுந்து, 1984 வரை அதைச் சரிசெய்தார்கள்.

உங்கள் வீட்டுப் பெயின்ட் விஷயம். அடியில் இருக்கும் பழைய பூச்சு டிஸ்டெம்பராக இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது சுண்ணத்தூளும் பசையும். அது தண்ணீரில் கரையும், நீராவியும் மென்மையான தூரிகையும் போதும், ஒவ்வொரு இதழாகப் பொறுமையாகப் போக வேண்டும், ஒரு பூவுக்கே சில நாட்கள் பிடிக்கும். மேலே எண்ணெய்ப் பெயின்ட் இருந்தால் அதற்கு வேறு மருந்து வேண்டும். எதுவானாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். ஈயத்தைச் சோதிக்கும் சின்னக் கிட் கடைகளில் கிடைக்கும், முதலில் அதை வாங்கிப் பாருங்கள், அப்புறம் பூவைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எந்த முறை வார்ப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.